நான் பொறுப்பு, நம்பி எடுத்துட்டுப் போங்க

பழுதாகி வரும் வாஷிங் மெஷினின் அடிமூலையில் இருக்கும் ஃபில்டரைத் திருகிக் கழற்றுவது அந்தக் கடையில் அக்காவின் வேலை. மெக்கானிக்குக்கு முழங்கால் மடங்காது. அக்கா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மெஷினுக்கு அடியில் ஒரு தட்டையான டப்பாவைச் சொருகி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு மூடியைத் திருகுவாள். தேங்கிய தண்ணீர் கருப்பாகக் கொட்டும். அதன் பின்னாலேயே நூல்கட்டும் முடியும் சோப்புக் குழம்பும் ஒன்றாகத் திரண்டு, செத்த எலி மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். அதைப் பிரித்தால் உள்ளே பொத்தான், ஹேர்பின், குழந்தையின் ஒற்றை சாக்ஸ். ஒரு தடவை யாருடைய பல்செட்டின் உடைந்த துண்டோ கூட வந்தது. எல்லாவற்றையும் கழுவி ஒரு கிண்ணத்தில் போட்டு, மெஷினின் சொந்தக்காரர் வரும்போது நீட்டுவாள். பல்செட்டுக்கு மட்டும் யாரும் சொந்தம் கொண்டாடவில்லை.

தெருவே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான். மெக்கானிக் அவளுடைய கணவர். அவரே எப்போதாவது வாய் தவறி "அக்கா, அந்த பெல்ட்டை எடு" என்று சொல்லிவிட்டு, விழுந்த ஸ்க்ரூவைத் தேடுகிறவர் போலக் குனிந்துகொள்வார்.

வீட்டின் முன்னறைதான் கடை. அதற்குப் பின்னால் சமையலறையும் படுக்கும் அறையும். கடைசியில் ஒரு சின்ன அறை, பழைய மோட்டார்களையும் ஓட்டை விழுந்த டிரம்களையும் போட்டு வைக்க. கடைக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. மெஷினைத் திறந்து பார்க்காமல் மெக்கானிக் வாயைத் திறக்க மாட்டார். "சுமாரா என்ன ஆகும்னாவது சொல்லுங்களேன்" என்று யார் கெஞ்சினாலும், "திறந்தாத்தான் தெரியும்" என்பார், அவ்வளவுதான். இரண்டாவது வழக்கம் அக்காவுடையது. வேலை முடிந்த மெஷினைச் சொந்தக்காரரின் கண் முன்னால் ஒரு சுற்று வெறுமனே ஓட விடுவாள். அது குலுங்காமல் நின்றதும் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்து, "நான் பொறுப்பு. நம்பி எடுத்துட்டுப் போங்க. ஏதாவது ஆச்சுன்னா நேரா என்கிட்ட வாங்க" என்பாள்.

சும்மா சொல்கிற பேச்சு இல்லை அது. பொழுது விடிவதற்குள் கதவைத் தட்டி, வீடெல்லாம் தண்ணீர் என்று நின்றவர்கள் உண்டு. மெக்கானிக்கைப் பாதிச் சட்டையோடு அனுப்பி வைத்திருக்கிறாள். போனவர் வெறுங்கையோடு திரும்பி வருவார். ஏன் காசு வாங்கவில்லை என்று அவளும் கேட்டதில்லை.

அன்றைக்கு அவள் கை முழங்கை வரை அழுக்காக இருந்தபோதுதான் மாடிப்பெண் கடைக்குள் வந்தாள். நேர் மேலே குடியிருக்கிறவள். ஆஸ்பத்திரியில் துணிப் பிரிவில் வேலை. வார்டுகளிலிருந்து வரும் போர்வைகளையும் உறைகளையும் பிரித்து, துவைக்க அனுப்பி, திரும்பி வந்ததை மடித்து அடுக்குகிற வேலை. அவளும் பள்ளிக்கூடம் போகிற மகளும்தான். அந்த ஒரு சம்பளத்தில்தான் மாடியில் விளக்கு எரிந்தது. வழக்கமாக அந்த நேரத்துக்கு அவள் வேலையில் இருப்பாள்.

"லீவா?" என்றாள் அக்கா, டப்பாவைப் பார்த்தபடியே.

"இனிமே தினமும் லீவுதான் அக்கா." மாடிப்பெண்ணின் முகம் எண்ணெய் விட்ட விளக்கு மாதிரி இருந்தது. "சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன். வேலையை விடறேன்னு. திங்கட்கிழமை புது ஆள் வந்துடும். அதுக்குள்ள மனசு மாறினா வந்து சொல்லுன்னாங்க. எனக்கு எதுக்கு மனசு மாறப்போகுது?"

அக்காவுக்குப் புரியவில்லை. வேறு எங்கே வேலை கிடைத்தது என்று கேட்டாள்.

"வேலையா? நானே முதலாளி. போர்வை, தலையணை உறை, என் பேர்ல பிராண்டு. எல்லாம் போன்லயே. சார் கோர்ஸ்ல சேர்ந்துட்டேன் அக்கா." பிறகு குரலைத் தாழ்த்தி, கோயிலில் பேசுகிறவள் போலச் சொன்னாள்: "எனக்கும் முதல்ல பயமாத்தான் இருந்துச்சு. நீங்க சொன்னதைக் கேட்டப்புறம்தான் தைரியம் வந்துச்சு."

"நான் என்ன சொன்னேன்?"

மாடிப்பெண் போனை எடுத்து நீட்டினாள். சின்னத் திரையில் அக்கா இருந்தாள். தலை வாரி, நல்ல புடவை கட்டிய அக்கா. தோளுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. அவள் பின்னால் கடை இல்லை. நீல நிறத்தில் ஏதோ மின்னிக்கொண்டிருந்தது. திரையிலிருந்த அக்கா நேராகக் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்: "நான் பொறுப்பு. நம்பி எடுத்துட்டுப் போங்க. ஏதாவது ஆச்சுன்னா நேரா என்கிட்ட வாங்க." அடியில் பெரிய எழுத்தில், 'வளர்ச்சி வாத்தியாரின் முதலாளிப் பயிற்சி'. அதற்கும் அடியில், 'இப்போதே சேருங்கள்'.

அக்காவின் கையிலிருந்து ஃபில்டர் நழுவி டப்பாவில் விழுந்து, அழுக்குத் தண்ணீர் மாடிப்பெண்ணின் செருப்பு வரை தெறித்தது. யாரும் அதைத் துடைக்கவில்லை.

வளர்ச்சி வாத்தியார் வேறு யாரும் இல்லை, அக்காவின் தம்பி. வீட்டில் சின்னவன். அம்மா படுத்த படுக்கையான நாளிலிருந்து அவனைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் அவள்தான். கல்யாணமாகி வந்தபோது சீர் என்று அவள் கொண்டு வந்தது சின்னவனைத்தான் என்று மெக்கானிக் அந்தக் காலத்தில் கேலி செய்வார். பிறகு அந்தக் கேலியை நிறுத்திவிட்டார்.

சின்னவன் தொழில் செய்யாமல் இல்லை. போன் உறை விற்கிற கடை வைத்தான், மூடினான். சட்டையில் படம் அச்சடித்துக் கொடுக்கிற கடை வைத்தான். இரண்டு தடவை துவைத்ததும் படம் உரிந்து, சட்டை கொடுத்தவர்கள் கடையை உரிக்க வந்தார்கள். வண்ண மீன் கடை வைத்தான். அதைச் சின்னவன் காலி செய்வதற்கு முன்பே மீன்கள் காலி செய்தன. ஒவ்வொன்றிலும் அக்காவும் கை கொடுத்தாள். தோற்றதற்காக அவனை அவள் ஒரு நாளும் திட்டியதில்லை. முட்டி மோதித் தோற்கிறவன் மேல் அவளுக்கு ஒரு மரியாதையே இருந்தது. மீன் கடை மூடிய வாரம், அவனுக்குச் சோறு இறங்கவில்லை என்று அவளும் சரியாகச் சாப்பிடவில்லை.

அதற்கு அப்புறம்தான் அவன் பின்னறைக்குக் குடிவந்தான். மோட்டார்களைச் சுவரோரம் தள்ளினான். அவற்றுக்கு முன்னால் ஒரு திரையைத் தொங்கவிட்டான். தடித்தடியான புத்தகங்கள் அடுக்கிய அலமாரி ஒன்றைப் படம் எடுத்து அச்சடித்த துணி அது. வட்டமான விளக்கு ஒன்று வந்தது. கோட்டு ஒன்று வந்தது. மேலே கோட்டும் கீழே வீட்டு லுங்கியுமாக உட்கார்ந்து அவன் பேச ஆரம்பித்தான். 'மூன்று தொழில்களிலிருந்து வெற்றிகரமாக வெளியேறியவர்' என்று தன்னைப் பற்றி எழுதிக்கொண்டான். அக்கா அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். பையன் ஏதோ பேசிப் பிழைக்கிறான், பேச்சு எப்போதுமே அவனுக்கு வரும் என்று விட்டுவிட்டாள். ஒரு தடவை அவன், "எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார், இருபது வருஷமா அதே ஸ்பானரைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கார், அவரை மாதிரி ஆயிடாதீங்க" என்று பேசினதை மெக்கானிக் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டார். "அது ஸ்பானர் இல்ல, பாக்ஸ் ரெஞ்ச்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். அன்றைக்கே அக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டாள்.

வீடியோ எடுத்தது அதற்குச் சில வாரம் கழித்து. "கடைக்கு ஒரு விளம்பரம் எடுத்துத் தர்றேன் அக்கா, நீ எப்பவும் கஸ்டமர்கிட்ட சொல்றதை அப்படியே சொல்லு, போதும்" என்றான். தம்பிக்குக் கடை மேல் அக்கறை வந்துவிட்டதே என்று அவள் நல்ல புடவை எடுத்துக் கட்டினாள். அன்று முடித்து வைத்திருந்த மெஷின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சொல்லிச் சொல்லி மரத்துப்போன வாய், ஒரே மூச்சில் சொல்லி முடித்தது. அந்த உள்ளங்கையையும் மெஷினையும் வெட்டி எறிந்துவிட்டு, மிச்சமிருந்த அவள் தலையைத்தான் சின்னவன் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

அக்கா கையைக் கழுவினாள். மாடிப்பெண்ணை முக்காலியில் உட்கார வைத்தாள். நிதானமாக, பொறுமையாக, அது மெஷினுக்குச் சொன்ன பேச்சு என்று விளக்கினாள். அந்த மெஷின் யார் வீட்டுக்குப் போனது என்பது வரைக்கும் சொன்னாள். அவன் வைத்த கடைகளையும், மூடிய கடைகளையும் சொன்னாள். நாளைக்கே போய் மனசு மாறிவிட்டது என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிடு என்றாள்.

மாடிப்பெண் எல்லாவற்றையும் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகத்தில் ஒரு சிரிப்பு பரவியது. பரீட்சையில் படித்த கேள்வியே வந்துவிட்டால் பிள்ளைகள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"இதுதான் அக்கா ஹேண்ட் பிரேக் பேச்சு."

"என்னது?"

"சார் மூணாவது பாடத்துலயே சொல்லிட்டாரு. நீங்க கிளம்பும்போது முதல்ல பிடிச்சு நிறுத்தறது கூட இருக்கறவங்கதானாம். அக்கா, அம்மா, பக்கத்து வீடு. கெட்ட எண்ணம் இல்ல, பாசத்துலதான் பண்ணுவாங்க, ஆனா கேட்டா வண்டி நகராது. சாரோட சொந்த வீட்டுலயே அப்படித்தானாம்." அவள் அக்காவின் முழங்கையை ஆறுதலாகத் தொட்டாள். "நீங்க தப்பா நினைச்சுக்காதீங்க."

அக்காவுக்குக் கோபம் ஏறியது. பொய் சொன்னான் என்பது ஒரு பக்கம். பொய்யை யார் வந்து பொய் என்று சொல்வார்களோ, அவர்கள் வாயையும் முன்கூட்டியே அடைத்து வைத்திருக்கிறானே. இத்தனை புத்தி இருந்ததா இவனுக்கு? இதில் பாதி மீன் கடையில் காட்டியிருந்தால் மீன்களாவது பிழைத்திருக்கும்.

"என் வீட்டுப் பின்னறையில, ஓட்டை டிரம் நடுவுல படுத்திருக்கான் உன் சாரு. அதையாவது யோசிச்சியா?"

"அதான் அக்கா, எவ்வளவு எளிமை!" என்றாள் மாடிப்பெண்.

 அக்கா கடைசியாக ஒன்று கேட்டாள்: அவனே சொன்னால் போவாயா என்று. மாடிப்பெண் ஒரு கணம் யோசித்தாள். "சார் சொன்னா போறேன். சார் சொல்லிட்டா அது வேற." எழுந்து போகும்போது, சாயங்காலம் நேரடி வகுப்பு இருக்கிறது, அதற்குள் மகளுக்குச் சாப்பாடு கொடுத்துவிட வேண்டும் என்றாள். பின்னறை ஜன்னலும் மாடிச் சமையலறை ஜன்னலும் ஒரே காற்றுச் சந்தில்தான் திறக்கின்றன. அதனால் சார் சொல்வது தனக்கு இரண்டு தடவை கேட்கும், முதலில் ஜன்னல் வழியாக, அப்புறம் கொஞ்சம் தாமதமாகப் போனில் என்று பெருமையோடு சொல்லிவிட்டுப் படியேறினாள்.

மத்தியானம் சின்னவன் சாப்பிட உட்கார்ந்தான். அக்கா தட்டை வைத்தாள். வைத்த வேகத்தில் தட்டு மேஜையில் ஒரு சுற்று சுற்றி நின்றது. மெக்கானிக் தன் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

இரண்டே காரியம் என்றாள் அக்கா. அந்த வீடியோவை எடு. மாடியேறிப் போய், திரும்பி வேலைக்குப் போகச் சொல்லு.

சின்னவன் முதலில் அவளுடைய முகம் நன்றாகப் பதிவாகியிருப்பதாகச் சொன்னான். அந்த ஒரு வீடியோவுக்குத்தான் நிறையப் பேர் சேர்கிறார்கள், உன் முகத்தில் ஒரு உண்மை இருக்கிறது அக்கா, அது காசு கொடுத்தாலும் கிடைக்காது என்றான். அப்புறம், தான் யாரையும் வேலையை விடச் சொன்னதே இல்லை என்றான்.

"நான் கதவைத்தான் காட்டறேன். உள்ள போறது அவங்க முடிவு."

"எந்தக் கதவுடா? உள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"நீ நெகட்டிவா பேசற."

"வயித்துல இருக்கற பிள்ளைக்குப் பேர் வைக்கற மாதிரி, விக்காத போர்வைக்கு பிராண்டு வச்சுட்டு உட்கார்ந்திருக்கா அவ. பள்ளிக்கூடம் போற பொண்ணு இருக்கு. திங்கட்கிழமை போச்சுன்னா போச்சு. ஒரு வார்த்தை, நீ போய்ச் சொல்லணும். நான் சொன்னா நான் ஹேண்ட் பிரேக்காம்."

அந்த வார்த்தை அவள் வாயில் வந்ததும் சின்னவனின் பார்வை தட்டுக்கு இறங்கியது. சோற்றைக் கொஞ்ச நேரம் பிசைந்தான். பிறகு, ஒரு ஆளைத் திருப்பி அனுப்பினால் மற்றவர்களும் கேட்பார்கள், நம்பிக்கை ஆடிவிடும் என்றான். அக்கா சொன்னாள் என்று ஒருத்தியைத் திருப்பி அனுப்பினால் தன் தொழில் என்ன ஆவது?

"தொழில்னு சொல்றது இதையா?" என்றார் மெக்கானிக். அவர் அன்று பேசியது அவ்வளவுதான்.

"நீங்க பேசாதீங்க மாமா. உங்களுக்கு ரிஸ்க்னா என்னன்னே தெரியாது." சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தான். குரல் இறங்கியது, அம்மா இல்லாத சின்னப் பையனின் குரல் அது, எப்போது எடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்த குரல். "நான் இப்பத்தான் அக்கா முதல் தடவையா ஜெயிக்கறேன். உனக்கே அது பொறுக்கலையா?"

மற்ற நாளாக இருந்தால் அந்தக் குரலுக்கு அவள் இளகியிருப்பாள். அன்று அவளுக்குக் காது கொதித்தது. மூன்று கடை மூடியபோதும் அவனை அணைத்துக்கொண்டவளைப் பார்த்துப் பொறாமை என்கிறான். அவள் அவனுக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள். போட்ட பிறகுதான், இதை ஏன் செய்தேன் என்று தன் கையின் மேலேயே கோபம் வந்தது.

சாயங்காலம் பின்னறையில் வட்ட விளக்கு எரிந்தது. அக்கா கடையில் இருந்தாள். ஒரு மெஷினுக்கு வேலை முடிந்திருந்தது. சொந்தக்காரர், ஒரு டாக்ஸி டிரைவர், பக்கத்தில் நின்றார். வெறும் மெஷின் ஒரு சுற்று ஓடி, குலுங்காமல் நின்றது. அக்கா மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை.

டிரைவர் காத்திருந்தார். பழகிய வாடிக்கையாளர், அந்தப் பேச்சு இல்லாமல் அவரும் நகரமாட்டார் போலிருந்தது. "என்னக்கா, பொறுப்பு இல்லையா இந்தத் தடவை?" என்று சிரித்தார்.

பின்னறையிலிருந்து சின்னவனின் குரல் வந்தது. பயம்தான் உங்கள் முதலாளி, அவனை இன்றைக்கே வேலையை விட்டு நீக்குங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அக்கா மூடியிலிருந்து கையை எடுத்தாள். இருங்க வர்றேன் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, புடவையின் ஓரத்தில் கையைத் துடைத்தபடி சமையலறையைத் தாண்டிப் பின்னறைக்குள் போனாள். மெக்கானிக் தடுக்கவில்லை, அவள் வழியில் கிடந்த கருவிப் பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

விளக்கின் வெளிச்சத்தில் கண் கூசியது. சின்னவன் அவளைப் பார்த்ததும் ஒரு நொடி திகைத்து, உடனே முகத்தை மலர்த்திக்கொண்டான். "பாருங்க, யார் வந்திருக்காங்கன்னு பாருங்க. வாங்கக்கா, உட்காருங்க." கேமரா முன்னால் அவளுக்கு மரியாதை கிடைத்தது. "நீங்க எல்லாரும் வீடியோவுல பார்த்தீங்களே, எங்க அக்கா. எனக்கு எல்லாமே இவங்கதான். அக்கா, நம்ம மாணவர்களுக்கு ரெண்டு வார்த்தை."

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். போனின் திரையில் தன் முகத்தைப் பார்த்தாள். பின்னால் அச்சடித்த புத்தகங்கள். ஓரத்தில் யார் யாரோ பூவும் கைகூப்பும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"நான் அந்த வீடியோவுல பேசினது ஒரு வாஷிங் மெஷினைப் பத்தி," என்றாள். அவள் குரல் உயரவில்லை. "அதைத் திறந்து பார்த்து, எங்க வீட்டுக்காரர் சரி பண்ணினாரு. ஓடறதை நான் பார்த்தேன். அதனால சொன்னேன். இவன் பாடத்தை நான் திறந்து பார்க்கல. அதுக்கு நான் பொறுப்பு இல்ல."

சின்னவன் சிரித்தான். அக்கா எப்போதும் இப்படித்தான், வேடிக்கையாகப் பேசுவார்கள் என்றான். மேஜைக்கு அடியில் அவன் கை அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தியது. சின்ன வயதில் இருட்டில் பிடித்த அதே பிடி. அவள் கையை உருவிக்கொண்டாள்.

"மாடியில ஒருத்தி கேட்டுட்டு இருக்கா. நல்ல வேலையை விட்டுட்டு நிக்கறா. நீ சொன்னா திரும்பிப் போவா." இப்போது அவள் போனைப் பார்க்கவில்லை, தம்பியைப் பார்த்தாள். "அதனால உன்னைக் கேக்கறேன். நீ வச்சு, நடத்தி, நின்ன கடை ஒண்ணு சொல்லுடா. ஒரே ஒண்ணு சொல்லு. சொல்ல முடியலன்னா அவளைப் போகச் சொல்லு."

திரையில் பூக்கள் நின்றன.  வெளிச்சத்தில் சின்னவனின் நெற்றி வியர்வை புள்ளிபுள்ளியாகத் தெரிந்தது. எங்கேயோ ஒரு வார்த்தை கிடைக்கும் என்பது போல அவன் போனையும் விளக்கையும் கதவையும் மாறிமாறிப் பார்த்தான்.

"நெட்வொர்க் கொஞ்சம் தகராறு பண்ணுது, ஒரு நிமிஷம்" என்றான்.

எழுந்தான். கோட்டின் காலரில் மாட்டியிருந்த மைக்கின் ஒயர் அவனை ஒரு முறை பின்னால் இழுத்தது, பிடுங்கி எறிந்தான். காற்றுச் சந்து வழியாக மேலிருந்து, மாடிப்பெண்ணின் போனில், அக்காவின் குரல் இப்போதுதான் தாமதமாக வந்து சேர்ந்தது. ஒண்ணு சொல்லுடா, ஒரே ஒண்ணு சொல்லு. சின்னவன் அந்த ஜன்னலை நிமிர்ந்து பார்த்தான். பிறகு கோட்டும் லுங்கியுமாக, அக்காவைத் தாண்டி, அறையை விட்டு வெளியே போனான்.